பேரேடும் செய்தியேடும்: மலையக வரலாற்றுப் பின்னணியில் தரவுப் பாதுகாப்பும் பிறநாட்டுச் செய்தி அறியும் உரிமையும்

1. ஆய்வுப் பொருள்

2018ஆம் ஆண்டிலே, மூன்று மாதத்துக்கும் குறைந்த இடைவெளியில், உலகின் இரு வேறு பகுதிகளில் செய்தி வாயில்கள் இரண்டு அடைபட்டன. கண்டி மாவட்டத்தின் திகன, தெல்தெனியப் பகுதிகளில் முஸ்லிம் மக்கள்மீது வன்செயல்கள் நிகழ்ந்ததைத் தொடர்ந்து, மார்ச் 7ஆம் நாள் இலங்கை அரசாங்கம் முகநூல், வாட்ஸப் முதலிய ஊடகங்களை முடக்கியது. ஏறத்தாழ ஒரு வாரம் அத்தடை நீடித்தது. அதே ஆண்டு மே 25ஆம் நாள் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி நடைமுறைக்கு வந்தது. அன்று லொஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ், சிக்காகோ டிரிபியூன் ஆகிய அமெரிக்கப் பத்திரிகைகளின் இணையத்தளங்களைத் திறந்த ஐரோப்பிய வாசகர் செய்தியைக் காணவில்லை. பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளில் அத்தளம் இப்போது கிடைக்காது என்ற அறிவித்தலையே கண்டனர்.

முன்னையது ஓர் அரசின் ஆணை. பின்னையது தனியார் நிறுவனங்களின் வணிக முடிவு. எனினும், இரண்டுக்கும் கூறப்பட்ட நியாயம் 'பாதுகாப்பு' என்னும் ஒரே சொல்லே. மக்களைக் காப்பதற்காகச் செய்தி நிறுத்தப்பட்டது என்றே இரு இடத்தும் சொல்லப்பட்டது. ஒருவரைப் பற்றிய விவரங்களைக் காப்பதற்கு அவர் உலகத்தைப் பற்றி அறியும் உரிமையை விலையாகக் கொடுத்தல் வேண்டுமா என்னும் வினா இங்கு எழுகின்றது. இவ்வினாவுக்குச் சட்ட அறிஞர் பலர் விடை தேடியுள்ளனர். நாம் அதனை இலங்கையின் மலையகத் தோட்ட மக்களது வரலாற்றிலிருந்து அணுக முற்படுகின்றோம்.

இதற்குக் காரணம் உண்டு. தன்னைப் பற்றிய பதிவுகள் அனைத்தும் பிறர் கையில் இருக்க, தனக்கு வரவேண்டிய செய்தியும் அதே கையினால் மறிக்கப்பட்ட நிலையை ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அனுபவித்தது இம்மக்கள் கூட்டம். ஐரோப்பிய வாசகருக்கு 2018இல் புதிதாகத் தோன்றிய சிக்கலின் பழைய வடிவத்தை நாம் இங்கே காணலாம்.

2. பட்டிப்பொலவும் இருப்புப்பாதையும்

நுவரெலியா மாவட்டத்தின் தென்கிழக்கு எல்லையை அடுத்துள்ள பட்டிப்பொல, இலங்கைப் புகையிரதப் பாதையின் மிக உயர்ந்த நிலையமாகும். கடல் மட்டத்திலிருந்து அதன் உயரம் 6,226 அடி. ஒருபுறம் அம்பேவலைப் புல்வெளிகளும் மரக்கறித் தோட்டங்களும், மறுபுறம் ஹோட்டன் சமவெளியின் காடுகளும், சுற்றுப்புறச் சரிவுகளில் தேயிலையும் அமைந்த பிரதேசம் அது. நிலையத்தைக் கடந்ததும் வரும் சுரங்கத்தைத் தாண்டினால் ஊவா மாகாணம். மலைப்பாதை நானுஓயாவை 1885இலும் பண்டாரவளையை 1894இலும் அடைந்தது. இவ்விரு ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்திலேயே பட்டிப்பொலவுக்கு இருப்புப்பாதை வந்து சேர்ந்தது.

இப்பாதை அமைக்கப்பட்டதன் நோக்கம் செய்தி பரப்புவதன்று. தேயிலைப் பெட்டிகளைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்குவதும், அரிசியையும் ஆட்களையும் மலைக்கு ஏற்றுவதுமே அதன் பொருளாதாரப் பணி. ஆயினும், தேயிலைக்காகப் போடப்பட்ட பாதையிலே தபாற்பைகளும் பத்திரிகைக் கட்டுக்களும் ஏறின. அவ்வாறு உலகின் செய்தி பட்டிப்பொல போன்ற ஒரு நிலையம் வரை வந்துவிட்டது. நிலையத்திலிருந்து லயத்துக்குச் செல்லும் சில மைல் தூரத்திலேதான் அது தடைப்பட்டது. தபாற்பை தோட்ட அலுவலகத்துக்குச் சென்றது. அங்கே பிரிக்கப்பட்ட பின்னரே தொழிலாளிக்குரிய கடிதம் அவர் கைக்கு வந்தது. கடிதம் எவரிடமிருந்து வந்தது, எத்தனை நாளுக்கு ஒருமுறை வந்தது என்பதெல்லாம் தொழிலாளிக்கு முன்னரே அலுவலகத்துக்குத் தெரிந்திருந்தது.

துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி என்ற அடுக்கமைப்பின் பொருளாதார அடிப்படைகள் பற்றி ஆய்வாளர் பலர் விரிவாக எழுதியுள்ளனர். அவ்வமைப்பு ஒரு தகவல் அமைப்பாகவும் தொழிற்பட்டது என்பது போதிய அளவு கவனிக்கப்படவில்லை. தொழிலாளரைப் பற்றிய தகவல் மேல்நோக்கிச் சென்றது; ஆணை கீழ்நோக்கி வந்தது. வெளியுலகச் செய்தி உள்ளே வருவதற்கு இவ்வமைப்பில் வழி இருக்கவில்லை.

3. பெயர் ஏட்டில் ஏறிய வரலாறு

தோட்டத் தொழிலாளி யார் என்பதற்கு 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் தந்த வரைவிலக்கணம் மனங்கொள்ளத்தக்கது. தோட்டப் பதிவேட்டில் எவருடைய பெயர் உள்ளதோ அவரே தொழிலாளி என்று அது கொண்டது. உழைப்பவரின் பெயரை ஏடு பதிகின்றது என்பதே இயல்பான முறை. இங்கே ஏட்டில் பெயர் இருப்பதே ஒருவரை உழைப்பவர் ஆக்கியது.

தோட்டத்துப் பேச்சு வழக்கும் இதனை உறுதிப்படுத்துகின்றது. ஒரு நாள் வேலைக்குரிய சம்பளப் பதிவை இன்றும் தோட்டங்களில் 'பேர்' என்பர். நாளுக்குரிய கொழுந்தின் நிறை குறைந்தால் 'அரைப் பேர்' விழும். காலையில் பிரட்டுக்களத்தில் எழுதப்படும் பெயர், மாலையில் தராசின் முன் முழுமையாக நிற்கலாம், பாதியாகவும் குறையலாம். பேரேடு என்ற தமிழ்ச்சொல் கணக்குப் புத்தகத்தைக் குறிப்பது. தோட்டத்துச் செக்ரோலோ சொல்லுக்குச் சொல் பெயர்களின் ஏடாகவே இருந்தது. அதனை எழுதும் கையும் படிக்கும் கண்ணும் தொழிலாளியுடையவை அல்ல.

செக்ரோலிலும் கொடியது துண்டு முறை. ஒரு கங்காணியின் கீழுள்ள ஆட்களின் கடன் இவ்வளவு. அதனைத் தீர்ப்பவருக்கு இவர்கள் விடுவிக்கப்படுவர் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் சீட்டே துண்டு எனப்பட்டது. கங்காணி அதனை இன்னொரு தோட்டத்துக்குக் கொண்டு சென்றான். அத்தோட்டத்துரை தொகையைச் செலுத்தி ஆட்களைப் பெற்றுக்கொண்டார். கடனின் அளவு எவ்வாறு வந்தது, அதில் பயணச் செலவு எவ்வளவு, கங்காணியின் சொந்தக் கணக்கு எவ்வளவு என்று அறியும் வாய்ப்புத் தொழிலாளிக்கு இருக்கவில்லை. அவரைப் பற்றிய ஒரு தகவல் அவரறியாமல் கைமாறியது. அத்துடன் அவரும் கைமாறினார். இம்முறையை 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் ஒழித்தது. தொழில் ஒப்பந்தத்தை மீறியமைக்காகச் சிறையிடும் ஏற்பாடும் அதனுடன் நீங்கியது.

இதே காலப்பகுதியில் தகரச் சீட்டு முறையும் நடைமுறையில் இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து ஆள் புறப்படும்போதே, செல்லவேண்டிய தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் இலக்கமும் பொறித்த தகரத் துண்டொன்று அவரிடம் தரப்பட்டது. அவர் பெயர் சொல்லத் தெரியாதவர் அல்லர். ஆனால் பெயரைக் கேட்க வேண்டிய தேவை நிருவாகத்துக்கு இருக்கவில்லை. மண்டபம் முகாமிலிருந்து மலைநாட்டு நிலையம் வரை இலக்கமே போதுமானதாயிற்று.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்தல் வேண்டும். பதிவு என்பது தன்னளவில் தீயதன்று. சம்பளப் பதிவு இல்லாத தொழிலாளி சம்பளத்தைக் கோர முடியாது. பிறப்புப் பதிவு இல்லாத குழந்தை பிற்காலத்தில் எதனையுமே கோர முடியாது. தன்னைப் பற்றி எழுதப்பட்டதைத் தானே பார்க்கவும் திருத்தவும் மறுக்கவும் முடியாமையே இங்குள்ள கேடு. பிற்காலத் தரவுப் பாதுகாப்புச் சட்டங்கள் பேசும் உரிமைகளும் இவையே.

4. வாயிலைக் கடந்த செய்தி

தோட்டம் தனியார் நிலம். ஆகவே, லயத்துக்குச் செல்லும் பாதையும் தனியார் பாதை. அந்நியர் எவரும் துரையின் அனுமதியின்றி நுழைந்தால் அத்துமீறல் வழக்குக்கு ஆளாவர். தொழிலாளியின் உறவினர்கூட இந்நிலைக்கு விலக்கன்று. தொழிற்சங்க ஊழியரும் பத்திரிகையாளரும் உள்ளே வராதவாறு செய்வதற்கு இச்சட்டம் பெரிதும் பயன்பட்டது.

இவ்வாயிலைக் கடந்தவர்களுள் முதலிடம் பெறுபவர் கோ. நடேசய்யர். தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த அவர் புடைவை வியாபாரியின் வேடத்தில் தோட்டங்களுக்குள் சென்று தொழிலாளரின் நிலையைக் கண்டறிந்தார் என்பது மலையக வரலாற்றில் நன்கறியப்பட்ட செய்தி. 1921இல் 'தேசநேசன்' ஏட்டையும் 1924இல் 'தேசபக்தன்' ஏட்டையும் தொடங்கினார். 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவி, அட்டனைத் தமது பணிக்களமாக்கினார். 1936இல் அத்தொகுதியிலிருந்தே அரசாங்க சபைக்குத் தெரிவானார்.

நடேசய்யரின் பணியை நாம் இருவகையாக நோக்கலாம். தோட்டத்துள் மறைந்திருந்த உண்மையை அவர் வெளியே கொணர்ந்தார். வெளியே நடப்பனவற்றை, குறிப்பாகச் சட்டம் தொழிலாளிக்கு என்ன உரிமையைத் தந்துள்ளது என்பதை, உள்ளே கொண்டு சென்றார். தோட்ட நிருவாகத்துக்கு முன்னையதிலும் பின்னையதே பெரும் அச்சத்தைத் தந்தது எனலாம். துண்டு ஒழிந்துவிட்டது என்பதை அறியாத தொழிலாளிக்குத் துண்டு ஒழியவில்லை. எழுத்தறிவு மிகக் குன்றியிருந்த சூழலில் ஒருவர் வாசிக்கப் பலர் கேட்பதே பத்திரிகை பரவிய முறை. அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை, செய்தியைப் பாட்டாக்கிக் கூட்டங்களிற் பாடியதுடன், சிறு நூலாகவும் அச்சிட்டார். பத்திரிகையை வாயிலில் மறிக்கலாம். மனனமான பாட்டை மறித்தல் எளிதன்று. மலைநாட்டு மக்கள் பாடல்களைப் பிற்காலத்தில் தொகுத்த சி.வி. வேலுப்பிள்ளையின் பணியையும் இப்பின்னணியிலேயே மதிப்பிடல் வேண்டும். துரையின் ஏட்டில் எழுதப்படாத வரலாற்றை மக்கள் தம் பாட்டில் எழுதி வைத்திருந்தனர்.

வெளியிலிருந்து வந்த சொல்லை ஆட்சி எவ்வளவு அஞ்சியது என்பதற்கு 1937ஆம் ஆண்டின் பிரேஸ்கேர்டில் விவகாரம் சான்று. மடுல்கெலையில் தோட்டத்தொழில் பயிலவந்த மார்க் பிரேஸ்கேர்டில், ஏப்பிரல் 3ஆம் நாள் நாவலப்பிட்டியில் நடந்த கூட்டத்தில் தொழிலாளர் பக்கம் நின்று பேசினார். அதே மாதத்தில் தேசாதிபதி ஸ்டப்ஸ் அவரை நாடுகடத்த ஆணையிட்டார். மே 18ஆம் நாள் உயர் நீதிமன்றம் அவ்வாணை சட்டத்துக்கு மாறானது எனத் தீர்த்தது. அவர் வாயிலின் உட்புறத்திலிருந்தே வந்தவர். தோட்டத்துரைமாரின் கணக்கை அறிந்தவர். அவ்வறிவு தொழிலாளரைச் சென்றடைவதே ஆட்சியாளருக்குப் பொறுக்கவியலாததாயிற்று.

5. ஏட்டின் அதிகாரம் அரசின் கைக்கு மாறுதல்

சுதந்திரத்தின் பின் பேரேட்டின் அதிகாரம் தோட்ட எல்லையைத் தாண்டி நாட்டளவில் விரிந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றோர் ஆக்கியது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் விண்ணப்ப வழியொன்றைத் திறந்தது. 1946ஆம் ஆண்டின் தொடக்கத்துக்கு முன்னர், மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் இடையறாது இலங்கையில் வதிந்தமையை மெய்ப்பித்தல் வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளுள் ஒன்று.

அதனை எதைக்கொண்டு மெய்ப்பிப்பது? லயத்து அறையில் ஆவணம் இல்லை. ஆவணம் இருந்த இடம் தோட்ட அலுவலகம். பிறப்பையும் இறப்பையும் அறிவிக்கும் கடமை தோட்டத்துரையிடமே இருந்தது. பெயரை எழுதியவர் தம் காதில் விழுந்தவாறு எழுதினார். ஓரிடத்தில் முத்தையா, இன்னோரிடத்தில் முத்து. ஓர் ஏட்டில் தந்தை பெயர், மற்றோர் ஏட்டில் கங்காணியின் பெயர். இத்தகைய வேறுபாடுகள் ஒரு குடும்பத்தின் பிரசாவுரிமையையே இழக்கச் செய்யப் போதுமானவையாயின. ஏறத்தாழ 8 இலட்சத்து 25 ஆயிரம் பேர் சார்பில் விண்ணப்பங்கள் செய்யப்பட்டன. பிரசாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர் மட்டுமே.

எஞ்சியோரை 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் எண்ணிக்கைகளாகப் பிரித்தது. 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேர் இலங்கைக்கும் உரியோராயினர். மீதியான 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டன. தாம் எப்பக்கத்துக்குரியவர் என்று அம்மக்கள் அறிந்ததும் பெரும்பாலும் தோட்ட அலுவலகத்துக்கு வந்த கடிதத்தின் வாயிலாகவே. நாடற்ற நிலையை முற்றாக நீக்கும் சட்டங்கள் 1988இலும் 2003இலுமே நிறைவேறின. இடையில் 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 முதல் அவற்றின் முகாமை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குச் சென்றது. உடைமையாளர் மாறிய ஒவ்வொரு வேளையிலும் பேரேடு கைமாறியது. அதில் எழுதப்பட்டோரின் சம்மதம் ஒருபோதும் கேட்கப்படவில்லை.

6. பிறநாட்டுச் செய்தியும் தேசிய அரசும்

ஏடு அரசின் கைக்கு மாறியதுபோலவே வாயிற்காவலும் மாறியது. 1970களின் முற்பகுதியில் தமிழகச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. அந்நியச் செலாவணி நெருக்கடி ஒரு காரணம். உள்நாட்டு எழுத்தை வளர்த்தல் மற்றொரு காரணம். தரங்குன்றிய வணிகச் சஞ்சிகைகளின் ஆதிக்கத்தை எதிர்த்துவந்த முற்போக்கு எழுத்தாளர் இதனை வரவேற்றனர். அதன் பயனாக ஈழத்துச் சஞ்சிகைகளும் நூல்களும் பெருகியமை மறுக்கவியலாத உண்மை. எனினும், எதனை வாசிப்பது எனத் தீர்மானிக்கும் உரிமை வாசகரிடமிருந்து சுங்கப் பகுதிக்குச் சென்றது என்பதும் உண்மையே. நற்பயன் விளைந்த காரணத்தால் அவ்வதிகார மாற்றத்தை நாம் கவனியாது விடலாகாது. 1973இல் பத்திரிகைப் பேரவைச் சட்டமும் லேக் ஹவுஸ் நிறுவனத்தை அரசுக் கட்டுப்பாட்டிற் கொணர்ந்த சட்டமும் நிறைவேறியபோது, அவ்வதிகாரத்தின் மறுமுகம் வெளிப்பட்டது.

இணையம் வந்தபின் சுங்கப் பகுதியின் இடத்தைத் தொடர்பாடல் கம்பனிகளுக்கான அரசின் பணிப்புரை எடுத்துக்கொண்டது. 2007ஆம் ஆண்டு யூன் மாதத்தில் தமிழ்நெற் இணையத்தளம் இலங்கையில் முடக்கப்பட்டது. 2011இல் செய்தித் தளங்கள் அமைச்சிற் பதிவுசெய்யப்பட வேண்டும் என அறிவிக்கப்பட்டதுடன் மேலும் சில தளங்கள் முடக்கப்பட்டன. 2015இன் ஆட்சி மாற்றத்தின் பின் இந்நிலை தளர்ந்தது. ஆயினும் 2018 மார்ச்சிலும், 2019 ஏப்பிரலில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னரும், 2022 ஏப்பிரலில் பொருளாதார நெருக்கடிக்கு எதிரான மக்கள் எழுச்சியின்போதும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம், இணையத்தில் வெளியாகும் கூற்றுக்களை நீக்குமாறு பணிக்கும் அதிகாரத்தை ஓர் ஆணைக்குழுவிடம் ஒப்படைத்தது. இச்சட்டத்தின் பெயரிலும் 'காப்பு' என்னும் சொல்லே இடம்பெறுகின்றது.

7. ஐரோப்பிய ஒழுங்குவிதியும் அடைபட்ட பத்திரிகைகளும்

இவ்வனுபவத்தோடு நாம் 2018 மே மாத ஐரோப்பாவுக்குத் திரும்பலாம். ஐரோப்பிய ஒழுங்குவிதி பத்திரிகைகளை அடைக்குமாறு எங்கும் கூறவில்லை. அதன் 85ஆம் உறுப்புரை, தரவுப் பாதுகாப்பையும் கருத்துரிமை, தகவல் உரிமை ஆகியவற்றையும் இசைவிக்கும் கடமையை உறுப்பு நாடுகளிடம் சுமத்தியுள்ளது. பத்திரிகைத் தொழிலுக்கு விலக்குகளும் உண்டு. வேறோரிடத்தில் இருந்தே சிக்கல் தோன்றியது. ஒரு செய்தியை இணையத்தில் வாசிக்கும்போது, வாசகர் எங்கிருக்கிறார், எதனை எவ்வளவு நேரம் பார்க்கிறார், இதற்குமுன் எதனைப் பார்த்தார் என்னும் விவரங்கள் விளம்பர நிறுவனங்கள் பலவற்றுக்கு ஒரே கணத்தில் அனுப்பப்படுகின்றன. வாசகரின் தெளிவான சம்மதம் முதலிய சட்ட அடிப்படை இன்றி இது கூடாது என்றது ஒழுங்குவிதி. மீறுவோருக்கு 2 கோடி யூரோ அல்லது உலகளாவிய ஆண்டு விற்பனையில் 4 வீதம், இவற்றுள் எது கூடியதோ அதுவரை தண்டம் விதிக்கலாம். ஐரோப்பாவில் உள்ளோரின் நடத்தையைக் கண்காணிக்கும் வெளிநாட்டு நிறுவனங்களையும் 3ஆம் உறுப்புரை கட்டுப்படுத்தியது.

அமெரிக்காவின் பிராந்தியப் பத்திரிகைகளுக்கு ஐரோப்பிய வாசகர் மிகச் சிலர். அவர்களால் வரும் விளம்பர வருமானம் சிறிது. தண்ட அபாயம் பெரிது. எனவே, கண்காணிப்பை நிறுத்துவதிலும் வாசகரை நிறுத்துவது இலாபகரமாகத் தோன்றியது. சில மாதங்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட அமெரிக்கச் செய்தித் தளங்கள் ஐரோப்பாவிலிருந்து பார்க்க முடியாதவையாயின. பாரிசிலோ பேர்லினிலோ வாழும் ஒரு தமிழ் வாசகர், அமெரிக்க நகரொன்றில் வாழும் தம் உறவினரின் ஊர்ச்செய்தியை அறிய முனைந்தாலும் இதே அறிவித்தலையே கண்டிருப்பார்.

வேறு வழி இருக்கவில்லையா? இருந்தது என்பதே முக்கியமானது. யு.எஸ்.ஏ. டுடே பத்திரிகை ஐரோப்பிய வாசகருக்குக் கண்காணிப்பு நிரல்கள் நீக்கிய எளிய பதிப்பொன்றை அளித்தது. அப்பதிப்பு மிகக் குறைந்த சுமையுடன் விரைவாகத் திறந்தமை அக்காலத்தில் வியப்புடன் பேசப்பட்டது. அமெரிக்கப் பொது வானொலி வெறும் எழுத்துவடிவப் பதிப்பை வழங்கியது. நியூயோர்க் டைம்ஸ் ஐரோப்பிய வாசகரைப் பின்தொடரும் விளம்பர முறையைக் கைவிட்டது. அதனால் அதன் விளம்பர வருமானம் வீழ்ந்துவிடவும் இல்லை. வாசகரின் விவரத்தை விற்காமலே செய்தியைத் தரலாம் என்பதை இவை செயலிற் காட்டின. கதவை அடைத்தோர் சட்டத்தினால் அன்றித் தம் வணிக முறையினாலேயே அடைத்தனர்.

இங்கே துண்டு முறை நம் நினைவுக்கு வருகின்றது. ஒப்புமையை மிகைப்படுத்தல் தவறு. பசியும் சிறையும் கடனும் சூழ்ந்த தொழிலாளியின் நிலை வேறு. கைப்பேசியில் செய்தி படிக்கும் வாசகரின் நிலை வேறு. எனினும், ஒருவரைப் பற்றிய தகவல் அவரறியாமல் மூன்றாம் கைக்கு விலைபோவதும், அவ்வணிகத்துக்கு இடையூறு நேர்ந்தால் அவருக்குரிய வாயில் அடைபடுவதும் இரண்டுக்கும் பொதுவானவை. 1921இல் துண்டை ஒழித்த சட்டத்தைப் பார்த்து, அச்சட்டத்தாலேயே தோட்டங்கள் தொழிலாளரை ஏற்க மறுக்கின்றன என்று எவரேனும் கூறியிருப்பின், குற்றம் சட்டத்தினுடையதன்று என்றே நாம் விடை கூறியிருப்போம்.

8. இலங்கைச் சட்டமும் லயத்து வாசலும்

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வாயிலாக இலங்கையும் இத்துறையில் அடியெடுத்து வைத்தது. தன்னைப் பற்றிய தரவைப் பார்த்தல், திருத்துவித்தல், அழிப்பித்தல் ஆகிய உரிமைகளை அச்சட்டம் ஏற்கின்றது. அதன் முக்கிய பகுதிகளின் நடைமுறைத் தொடக்கம் 2025ஆம் ஆண்டிலும் பிற்போடப்பட்டது. சட்டமூலம் விவாதிக்கப்பட்ட காலத்தில், பத்திரிகைத் தொழிலுக்குத் தெளிவான விலக்கு இல்லை என்றும், அதிகாரசபையின் சுதந்திரம் போதாது என்றும் ஆட்சேபங்கள் எழுந்தன. இவற்றைச் சிறிய குறைகள் எனத் தள்ளிவிட இயலாது. தனிநபரைக் காக்கவென வந்த சட்டம், அதிகாரத்திலுள்ளோரின் செயல்களைப் பத்திரிகையாளர் வெளியிடுவதைத் தடுக்கும் கருவியாக மாறக்கூடும். இந்தியாவின் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவைத் திருத்த ஏற்பாடு செய்தபோது அங்கும் இதே எதிர்ப்பு எழுந்தது. இலங்கையின் 2016ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு அத்தகைய ஊறு நேராதவாறு காத்தல் எமது கடமை.

மலையகத்தைப் பொறுத்தவரை வினா இன்னும் அடிப்படையானது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இந்தியத் தமிழர் எனப் பதியப்பட்டோர் 8,39,504 பேர். அவர்களுட் பெருந்தொகையினர் வாழும் லயங்களுக்குத் தனி முகவரி இல்லை. தோட்டத்தின் பெயரே பல நூறு குடும்பங்களின் முகவரி. பரீட்சைப் பெறுபேறும் நேர்முகத் தேர்வுக்கான அழைப்பும் வங்கிக் கடிதமும் தோட்ட அலுவலகத்துக்குச் சென்று, காலந்தாழ்ந்தோ பிரிக்கப்பட்டோ கைக்கு வருதலும், வராது போதலும் மலையகத்தில் நெடுங்காலமாகக் கூறப்பட்டுவரும் குறை. கைப்பேசியில் உலகச் செய்தி நொடியில் வந்துசேரும் காலத்திலும், ஒருவருக்கென எழுதப்பட்ட கடிதம் பிறர் கையைக் கடந்தே வருகின்றது. இவ்விடத்தில் தரவுப் பாதுகாப்பு என்பது கணினி பற்றிய பேச்சு மட்டுமன்று.

சம்பளத்திலிருந்து தொழிற்சங்கச் சந்தாவை நிருவாகமே கழித்துக் கொடுக்கும் முறையும் இவ்வாறே ஆராயத்தக்கது. சங்கத்துக்கு அது வசதியானது. அதேவேளை, எவர் எந்தச் சங்கத்தில் உள்ளார், எப்போது மாறினார் என்பதை நிருவாகம் தன் ஏட்டிலிருந்தே அறிந்துகொள்கிறது. ஐரோப்பிய ஒழுங்குவிதியின் 9ஆம் உறுப்புரை, இனம், சமயம், உடல்நலம் என்பவற்றுடன் தொழிற்சங்க உறுப்புரிமையையும் சிறப்புப் பாதுகாப்புக்குரிய விவரமாக வைத்துள்ளது. இதனை மலையகத் தொழிற்சங்கங்கள் தம் கோரிக்கைப் பட்டியலிற் சேர்த்தல் வேண்டும். இந்திய உதவியுடன் திட்டமிடப்பட்ட இலக்கமுறை அடையாள அட்டையும், 2023 முதல் நடைமுறைக்கு வந்த அஸ்வெசும நலன்புரித் திட்டத்தின் குடும்ப விவரத் திரட்டும் புதிய பேரேடுகளே. அவற்றிற் பிழையாக ஏறிய ஒரு பெயரைத் தமிழிற் படித்துத் திருத்தும் வழி லயத்து மக்களுக்கு எளிதாக இருத்தல் வேண்டும். 1949இன் விண்ணப்பங்களுக்கு நேர்ந்ததை மறந்தோருக்கே இது சிறிய காரியமாகத் தோன்றும்.

9. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து நாம் பெறும் முடிவு இது. தன்னைப் பற்றிய விவரத்தின்மீது ஒருவருக்குள்ள உரிமையும், தன்னைச் சூழ்ந்த உலகைப் பற்றி அறியும் உரிமையும் எதிரெதிரானவை அல்ல. மலையகத்தில் ஒரே அதிகாரம் இரண்டையும் ஒருங்கே பறித்து வைத்திருந்தது. செக்ரோலைத் தொழிலாளிக்குக் காட்டாத அலுவலகமே பத்திரிகைக்கும் வாயிலை மூடியது. ஆகவே இவ்வுரிமைகளை ஒருங்கே கோருதலே வரலாறு காட்டும் வழி. ஒன்றைத் தருகின்றோம், மற்றொன்றை விடுங்கள் என்று அரசு கூறினாலும் வணிக நிறுவனம் கூறினாலும், அக்கூற்றினால் எவருடைய அதிகாரமோ இலாபமோ காக்கப்படுகின்றது என்று வினவுதல் வேண்டும்.

தரவுப் பாதுகாப்புச் சட்டம் பத்திரிகைத் தொழிலுக்குத் தெளிவான விலக்கை அளித்தல். தளங்களை முடக்கும் பணிப்புரைகள் காரணத்துடன் வெளியிடப்பட்டு நீதிமன்ற ஆய்வுக்கு உட்படுதல். தோட்ட ஏடுகளிலுள்ள தம் விவரத்தைத் தொழிலாளர் தமிழிற் பெறுதல். ஒவ்வொரு லயத்து வீட்டுக்கும் தனி முகவரியும் நேரடித் தபாலும் கிடைத்தல் ஆகிய நான்கும் இன்றைய உடனடித் தேவைகள். இவற்றுள் இறுதியானதற்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டியதில்லை. நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பட்டிப்பொல நிலையம் வரை வந்துகொண்டிருக்கும் தபாற்பை, இன்னும் சில மைல் நடந்து உரியவரின் வாசலை அடைதலே வேண்டுவது.